வெயிலில் காய்ந்த புரோட்டீன் மாவு

சீ, அந்த மாவின் வாடையை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. குடலில் ஓட்டை விழுந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு, மீதிக் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே வைத்துப் பை மாட்டி அனுப்பியிருந்தார்கள். தின்றதெல்லாம் அந்தப் பையில்தான் வந்து விழும். உடம்பில் எடை ஏறினால்தான் குடலைத் திரும்பச் சேர்த்துத் தைக்க முடியும், அதுவரைக்கும் பைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை ஏறத்தான் அந்த வெனிலா வாசனைப் புரோட்டீன் மாவு.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. கடல் காற்றில் மாவு டப்பாவுக்குள்ளேயே கட்டி தட்டிப்போனது. என் மனைவி உப்பளத்தில் கூலிக்குப் போகிறவள். ஈரம் கோத்த எதையும் வெயிலில் கொட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். உப்பு மூடுகிற தார்ப்பாயை வரப்பில் விரித்து, மாவைப் பரப்பிக் காயவைத்து, நுணுக்கி மறுபடி டப்பாவில் அடைத்தாள். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, நானும் உப்பளத்துக்காரன்தானே.

அதற்கப்புறம் ஒவ்வொரு டம்ளரும் நரகம். கெட்ட பால் வாடை, தார்ப்பாய் வாடை, அடியில் நறநறவென்று மண். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். கொஞ்ச நேரத்தில் பை தண்ணியாக நிரம்பிவிடும். கழற்றிக் கொட்டி, கழுவி மாட்டுவது அவள்தான். நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் மீன் கழுவுகிற மாதிரி கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

அடுத்த செக்கப்பில் எடை இறங்கியிருந்தது. இப்படியே போனால் குடலைச் சேர்க்க முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். நான் மாவைக் குடிக்காமல் வாய்க்காலில் ஊற்றுகிறேனாம், சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றுகிறேனாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஊத்துறனா? நீயே குடிச்சுப் பாரு.”

வீம்புக்கு ஒரு டம்ளர் மாவைக் கரைத்து ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடி, குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அய்ய, இத்தயாய்யா இத்தினி நாளா குடிச்ச?”

டப்பாவைக் குப்பையில் எறிந்துவிட்டு, நிரம்பியிருந்த பையைக் கழற்ற வந்தாள். எத்தனை நாள் என் மலத்தைக் கழுவியிருக்கிறாள், அவள் முகம் சுளித்து நான் பார்த்தது அந்த மாவுக்கு மட்டும்தான்.