கதான்ஸ்க் நகரில் பெண் பார்த்தோம்

ஆக்லாந்தின் லின்ஃபீல்டு பகுதியில் எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு விடியற்காலையில் என் கண்முன்னே ஒரு வீடு சாலையில் சென்றது. கூரையும் சன்னல்களும் முகப்புத் தாழ்வாரமும் கொண்ட முழு மரவீடு. நீண்ட லாரியொன்றின் முதுகில் ஏறி, முன்னும் பின்னும் மஞ்சள் விளக்கு சுழலும் வண்டிகள் காவல் வர, மெல்ல நகர்ந்தது. சமையலறைச் சன்னலில் திரைச்சீலைகூட அகற்றப்படவில்லை. நியூசிலாந்தில் நிலத்தை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கலாம். வாங்கியவர் அதனை வேறோர் ஊரில் இறக்கிக் குடியேறலாம். முப்பதாண்டுகளை நெருங்கும் ஆக்லாந்து வாழ்வில் எத்தனையோ விந்தைகள் பழகிவிட்டன. இது மட்டும் பழகவில்லை. எங்கள் நாகப்பட்டினத்தில் மனிதர்கள்தாம் புறப்பட்டுப் போவார்கள். வீடு நின்ற இடத்தில் நின்று, பூட்டில் துரு ஏறும்.

நானும் புறப்படும் ஆயத்தத்தில்தான் இருந்தேன். எங்கள் ஒரே மகன் இளம்பரிதி, ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன், கப்பல் வடிவமைப்புப் பணிக்காகப் போலந்து நாட்டின் பழம்பெரும் துறைமுகமான கதான்ஸ்க் நகருக்குச் சென்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. அங்கே மாக்தா என்னும் பெண்ணை மணக்க விரும்புவதாகவும், மணந்தால் அங்கேயே வாழ்வதாகவும் தொலைபேசியில் சொன்னான். “நீங்க வந்து பாருங்கப்பா. நீங்க வேண்டாம்னா கல்யாணம் இல்லை. ஆனா வேற கல்யாணமும் இல்லை.” ஆங்கிலத்திலேயே பேசும் பிள்ளை இதனைத் தமிழில் சொன்னபோது, முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்கிறான் என்று உணர்ந்தேன். பெண்ணிடம் எனக்குக் குறையொன்றும் இல்லை. சம்மதித்தால் மகன் திரும்பமாட்டான், அதற்கே அஞ்சினேன். மறுத்தால் அவன் வாழ்வு தனித்துப்போகும். இந்த இரண்டையும் சுமந்துகொண்டு நானும் என் மனைவி மங்கையும் பறந்தோம்.

மாக்தா அந்நகரின் சுற்றுலா வழிகாட்டி. நாங்கள் சென்ற சனிக்கிழமை அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. “என் குழுவோடு வாருங்கள். என்னையும் பார்க்கலாம், ஊரையும் பார்க்கலாம்” என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஆகவே, பெண் பார்க்கச் சென்ற நாங்கள், ஏழெட்டு நாடுகளின் பயணிகள் நடுவே, காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு, அவள் உயர்த்திப் பிடித்த மஞ்சள் குடையின் பின்னே நடந்தோம். குட்டை முடி, விரைந்த நடை, மெல்லிய குரல். அக்குரல் எல்லார் காதிலும் தனித்தனியே ஒலித்தது.

அன்னை மரியாள் பேராலயத்தின் வாயிலில் மங்கை வழக்கப்படி காலணிகளைக் கழற்றினாள். மாக்தா ஓடிவந்தாள். “காலில் கொப்புளமா, ஆன்ட்டி? என்னிடம் பிளாஸ்டர் இருக்கிறது.” மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினான். உள்ளே நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். கருங்கல்லில் பெருமை கண்டு பழகிய தஞ்சைப் பக்கத்துக் கண்களுக்குச் செங்கல் எளிய பொருள். சுவரெழுப்பிப் பூசி மறைப்பதற்கு உரியது. அந்தச் செங்கல்லைக் கொண்டே வானத்தைத் தாங்கும்படி ஓர் ஆலயத்தை நிறுத்தியிருந்தார்கள். வெண்ணிற விதானம் எட்டாத உயரத்தில் விரல்களைக் கோத்தாற்போல விரிந்திருந்தது. அண்ணாந்து நின்ற என் கையை மங்கை இழுத்தாள்.

“என்னங்க, கீழ பாருங்க. இதெல்லாம் சமாதி. எங்க கால வைக்கிறது?”

தரை முழுதும் கல்லறைப் பலகைகள். பெயர்களும் முத்திரைகளும் தேய்ந்த பலகைகள். “எல்லோரும் இவற்றின் மேல்தான் நடப்பார்கள்” என்று தொடங்கிய மாக்தா, காலுறையோடு ஒற்றைக் காலில் நின்ற மங்கையைப் பார்த்தாள், பலகைகளைப் பார்த்தாள். பிறகு குடையைத் திருப்பி, சுவரோரமாகக் கிடைத்த இடுக்குகளில் முழுக் குழுவையும் அழைத்துச் சென்றாள். “நாம் ஏன் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறோம்?” என்று ஒருவர் முணுமுணுத்தார். “இன்று இதுதான் வழி” என்றாள். மங்கை அப்போதே முடிவு செய்துவிட்டாள் என்பது, வெளியே வந்ததும் அவள் காலணியை மாட்டிக்கொண்ட வேகத்தில் தெரிந்தது.

நான் முடிவு செய்யவில்லை. ‘நெடுஞ்சந்தை’ என்று தமிழ்ப்படுத்தத்தக்க பெயருடைய சதுக்கத்தில், வணிகர் மாளிகைகள் தோளோடு தோள் உரசி நின்றன. பொன்பூச்சு முகடுகள், சிலைகள், ஒன்றைப்போல் ஒன்றில்லாத வண்ணங்கள். அந்த வியப்பின் நடுவிலும் நான் பெண் பார்க்க வந்தவன் என்னும் நினைவு எழுந்தது. என் திருமணத்துக்குத் திருவாரூரில் பெண் பார்த்தபோது என் தந்தையார் அமர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்குப் பூர்வீகம் எது?” என்பதே. என் மாமனார் நான்கு தலைமுறைக்குத் தயங்காமல் விடை சொன்னார். அதே கேள்வியை நானும் ஆங்கிலத்தில் கேட்டேன்: “உன் குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்த ஊர்தானா?”

“அப்பா, ப்ளீஸ், இப்ப வேணாம்” என்றான் மகன்.

மாக்தாவோ அதனைப் பயணி ஒருவரின் நல்ல கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். எங்கள் வீட்டுக் கேள்விக்கான விடை எல்லார் காதுக்கும் சென்றது.

“இங்கே யாரைக் கேட்டாலும் பூர்வீகம் வேறோர் ஊராகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்நகர் எரிந்து கிடந்தது. வாழ்ந்திருந்த செருமானியர் போனார்கள், துரத்தவும் பட்டார்கள். நாட்டின் எல்லை மாறியதால் கிழக்கே தம் ஊர்களை இழந்தவர்கள் வந்தார்கள். என் கொள்ளுப்பாட்டி அப்படி இழந்த வில்னோ நகரிலிருந்து சரக்கு இரயிலில் ஒரு தையல் இயந்திரத்தோடு வந்தாள். கடலை அதற்குமுன் கண்டதில்லை. இறங்கியதும் கிடைத்த வேலை, இடிபாட்டில் செங்கல் பொறுக்கிச் சுத்தம் செய்து அடுக்குவது.” அவள் ஒரு பழைய நிழற்படத்தை உயர்த்தி, எதிரே ஒளிர்ந்த மாளிகைகளுக்கு நேராகப் பிடித்தாள். படத்தில் அதே இடம். பற்களைப்போல் நின்ற சில சுவர்கள், வானம், வேறொன்றுமில்லை. “நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பகுதி மீண்டும் கட்டியது. முகப்பு மட்டுமே பழைய வடிவம். பின்னால் தொழிலாளர்களுக்கான சாதாரணக் குடியிருப்புகள்.”

கூட்டத்தில் ஓர் ஏமாற்றப் பெருமூச்சு எழுந்தது. எனக்கோ மெய்சிலிர்த்தது. முன்னோர் கட்டியதை வழிவந்தோர் புதுப்பிப்பது எங்கும் உண்டு. தமக்கு உறவல்லாத மனிதர்களின் நகரை, வந்தேறிய மக்கள் தூண் தூணாகத் தேடிக் கண்டு எழுப்பினார்களே! “பிறர் ஊரை எதற்காக அப்படியே கட்டினார்கள்?” என்றேன்.

மாக்தா படத்தைத் தாழ்த்தினாள். “எல்லோரும் புதியவர்கள், அங்கிள். ஒரு பழைய ஊர் தேவைப்பட்டது” என்றாள்.

சுற்றுலா மோத்வாவா ஆற்றங்கரையில், மரத்தாலான பெரும் பாரந்தூக்கியின் அடியில் முடிந்தது. அதன் பெருஞ்சக்கரங்களுக்குள் மனிதர்கள் ஓயாமல் நடந்தே கப்பல்களுக்குப் பாரம் ஏற்றினார்களாம். பயணிகள் விடைபெற்றதும் மாக்தா எங்களிடம் வந்து, “எப்படி இருந்தது?” என்று கேட்டாள். அவள் கேட்டது சுற்றுலாவைப் பற்றி மட்டுமன்று என்று நால்வருக்கும் தெரியும். என் வாயிலிருந்து, பரம்பரையாய் வந்த பழக்கத்தால், மாப்பிள்ளை வீட்டாரின் வாசகம் புறப்பட்டது: “ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்.”

பிடிக்கவில்லை என்பதை நயமாகச் சொல்லவும் இதே வாசகந்தான். மகன் அதனை மொழிபெயர்க்க மறுத்து ஆற்றைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தே மாக்தா புரிந்துகொண்டு, குடையை மெல்லச் சுருட்டினாள்.

மங்கைதான் வெடித்தாள். “எந்த ஊருக்குப் போய்ச் சொல்லப் போறீங்க? நாகப்பட்டினத்துல யாரு இருக்கா கேக்குறதுக்கு? லின்ஃபீல்டுல நீங்களும் நானுந்தான். ரெண்டு பேரும் இங்கதான நிக்கிறோம்! இங்கயே சொல்லிட்டுப் போங்க.”

விடை சொல்ல எனக்கு ஊர் அகப்படவில்லை. “எங்களுக்குப் பூரண சம்மதம், அம்மா” என்று மாக்தாவிடம் தமிழிலேயே சொன்னேன். இதனை மகன் உடனே மொழிபெயர்த்தான். மங்கை அருகிலிருந்த பூக்கடையில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து வாங்கி, ஒரு பூவைக் கிள்ளி, செருக மாக்தாவின் கூந்தல் போதாமையால், அவள் ஒலிவாங்கியின் பட்டையில் செருகினாள். “பூ வச்சாச்சு. இனிமே பேச்சு மாறக்கூடாது” என்றாள் என்னிடம்.

ஆக்லாந்து திரும்பியதும் அழைப்பிதழை நானே எழுதினேன். அதனைப் பிறர் எழுத விடுவேனா? நாகப்பட்டினத்து அச்சகத்தார் மெய்ப்புப் பார்க்கத் தொலைபேசியில் அழைத்தார்.

“பொண்ணு ஊரு கதான்ஸ்க்குன்னு போட்டாச்சு சார். மாப்பிள்ளை ஊர் எதுன்னு எழுதலையே?”

நாகப்பட்டினம், ஆக்லாந்து, கதான்ஸ்க் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“ஒரு வரியில அடங்காது சார். ஏதாவது ஒண்ணு எடுத்துடலாமா?”

சன்னலுக்கு வெளியே மனுக்காவ் வளைகுடாவில் நீர் வற்றிச் சேறு மின்னிக்கொண்டிருந்தது. எதை எடுப்பதென்று உண்மையாகவே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

“எழுத்தைச் சிறிதாக்குங்கள்” என்றேன்.