பின்னறைக்குக் கேட்கும்படி

காலை ஐந்து ஐம்பது. திருப்பதி பேருந்து நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது, ஒருவர் இறக்கி வைத்த லுங்கிக் கட்டு. புதுத்துணியின் கஞ்சி வாசம், இடிக்கப்பட்டுப் பல வருடங்களான நகரி விசைத்தறிக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது.

வாரத்தில் ஆறு நாள் அப்பாவும் அம்மாவும் அங்கே தறி ஓட்டினார்கள். ஞாயிறு காலை தறிகளை நிறுத்தி, பஞ்சுத் தூசியைப் பெருக்கி, தறிகளுக்கு நடுவே பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் ஜெபம் செய்வோம். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் என்பதால் எல்லோரும் கத்தித்தான் பாடுவார்கள். நுரையீரல் கெட்டுப்போன அப்பாவைச் சித்தூர் டாக்டர் இனிப் பயனில்லை என்று அனுப்பிவிட, அவர் கொட்டகையின் பின்னறையில் கட்டிலோடு கிடந்தார். அவர் திரும்பி வந்தபின் முதல் ஞாயிறு விடியலில் அடுப்படியில் அழுத அம்மா, ஜெபத்தில் முகம் மலர்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.

“கர்த்தருக்குக் காது நல்லா கேக்கும்மா. மெல்லப் பாடு,” என்றார் புதிதாக வந்த போதகர் ஐயர்.

“அவருக்குக் கேக்கும் ஐயரே. உள்ள எங்க ஊட்டுக்காரரு படுத்துக்கினு கீறாரே, அவருக்குக் கேக்க வேணாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னறையில் அப்பாவின் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

புதன்கிழமை அப்பா இறந்தார். அடுத்த ஞாயிறு அம்மா அதே சத்தத்தில் பாடினாள்.