தண்ணிக்கடியில கிடந்த முடிச்சு

நான் பேய், பிசாசு எண்டு ஒண்டையும் நம்பினவனில்ல தம்பி, அதை முதல்லயே சொல்லிப்போடுறன். களுவாஞ்சிக்குடியில இந்த மெசினுக்கு முன்னால இருந்து நான் தைச்சுக் குடுக்காத ஆளில்ல, ஆனா ஒரு பேயாவது வந்து எனக்கொரு சட்டை வேணுமெண்டு நிண்டதில்ல. ஆரும் பேய்க்கதை சொன்னா முதல்ல சிரிக்கிறவன் நான்தான். இப்ப நீங்க சிரிக்கப்போறீங்க, சிரியுங்க, எனக்கொண்டுமில்ல. அரசாங்கக் கந்தோரில பேனை பிடிக்கிற ஆள், எல்லாத்துக்கும் காரணம் கேப்பீங்க. உங்கட சட்டைக்குப் பொத்தான் தைச்சு முடியுமட்டும் இருக்கத்தானே வேணும், அதுமட்டும் கேளுங்க.

இது ரெண்டாவது உலகச் சண்டை தொடங்க முந்தி, வெள்ளைக்காரன்ட காலம். நான் அப்ப இளந்தாரி, கலியாணம் முடிச்சு ஒரு வருசம் இருக்கும். கிழமை முழுக்கக் குனிஞ்சு மெசின் மிதிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில நிமிர ஒரு இடம் வேணுமே, எனக்கு அது ஆறு. நீங்க வாவி எண்டுவீங்க, எங்களுக்கு ஆறுதான். மாமனார் தந்த சின்னத் தோணி ஒண்டு இருந்தது, ஒராள்தான் இருக்கலாம். விடிய எழும்பிச் சோத்துப்பொதியும் கட்டிக்கொண்டு தனிய இறங்கி, கண்டல் மரங்களுக்குள்ளால போற ஓடையெல்லாம் பூந்து பாத்து, வெயில் சாய வீட்ட வருவன். வலையுமில்ல, தூண்டிலுமில்ல, சும்மா போறது. ஊரில அது பெரிய பகிடி. "தையல்காரன் ஆத்துக்கு அளவெடுக்கப் போறான்" எண்டு சொல்லுவாங்க. சொல்லட்டும், துடுப்பு தண்ணியில விழுற சத்தத்தைக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த கிழமைக்கு உசிர் வரும்.

அண்டைக்கு நல்ல மார்கழி மழை விட்டு ரெண்டு மூணு நாள். ஆறு கரைதட்டி நிக்குது, ஆத்துக்கு மேற்கால படுவான்கரையில வயல் வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள. மனிசிக்கு நிறைமாசம், தலைப்பிள்ளை. "இண்டைக்குப் போகாம இருங்களன், இடுப்புக்குள்ள என்னவோ செய்யிது" எண்டாள். நான் கேட்டனா? "மத்தியானச் சோத்துக்கு வந்து நிப்பன்கா" எண்டு சொல்லிப்போட்டு இறங்கிட்டன்.

இஞ்ச ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆறு நிரம்பி வயல் தாழ்ந்தா, கடலுக்கும் ஆத்துக்கும் நடுவில கிடக்கிற மணல் திட்டை ஆக்கள் கூடி மண்வெட்டியால வெட்டி விடுவாங்க. ஆத்துவாய் வெட்டுறது எண்டு சொல்லுறது. சின்ன வாய்க்கால் மாதிரித்தான் தொடங்கும், கொஞ்ச நேரத்தில முழு ஆறும் அதுக்குள்ளால கடலுக்கு ஓடும், குறுக்க நிண்டது ஒண்டும் மிஞ்சாது. அதாலதான் முதல்நாள் பின்னேரமே ஊருக்கூர் பறை அடிச்சுச் சொல்லுவாங்க, தோணியெல்லாம் கரைக்கு ஏறிடும். நான் அந்தப் பறையக் கேக்கல்ல. கிறிஸ்தவ ஆக்கள் நத்தாருக்குத் தைக்கக் குடுத்த சட்டைகள் குவிஞ்சு கிடந்தது, மெசினை மிதிக்கத் தொடங்கினா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. மனிசி உள்ளுக்க நல்ல நித்திரை.

ஆத்தில பாத்தா ஒரு தோணியுமில்ல, ஒரு ஆளுமில்ல. மூளையுள்ளவனெண்டா அப்பவே யோசிச்சிருப்பான். எனக்கெண்டா பெரிய புழுகம், சந்தோசத்தில முழு ஆறும் எனக்குத்தான் எண்டு தெக்கால விட்டன். தோணியும் சும்மா வழுக்கிக்கொண்டு போகுது, துடுப்பே போடத் தேவையில்ல. இண்டைக்குக் காத்து நல்லாயிருக்கு எண்டு நினைச்சன், காத்தெங்க, ஒரு இலை ஆடல்ல. மறுகாதான் கவனிக்கிறன், ரெண்டு பக்கமும் கண்டல் மரம் பின்னால ஓடுது, தண்ணி செம்மண் நிறம், முன்னால கடல் இரையிற சத்தம். விளங்கிட்டு. ஆத்துவாய் வெட்டிட்டாங்க தம்பி. கிறுகி எதிர்ப்பக்கம் வலிச்சன், வலிச்ச வலிக்குத் துடுப்பு முறிஞ்சு பாதி போயிட்டு. நீந்தலாமெண்டா அந்தத் தண்ணியில மாடே நீந்தாது, என்ர கண்ணுக்கு முன்னால ஒரு எருமை உருண்டு போனது.

இனி நான் சொல்லுறதை நம்புங்க, நம்பாம விடுங்க. தோணிட முன்பக்கத்தில ஒரு புதுத் தேங்காய்த் தும்புக்கயிறு கட்டி, மிச்சத்தைச் சுருட்டி வைச்சிருந்தன். அந்தக் கிழமைதான் காத்தான்குடி வியாபாரி ஒருத்தரிட்ட வாங்கினது, கையில பிடிச்சா இன்னும் தும்பு குத்தும். அந்தச் சுருள் தன்பாட்டில அவிழுது. நான் தொடல்ல. அவிழ்ந்து அவிழ்ந்து தண்ணிக்குள்ள போகுது, வெள்ளத்தோட போகல்ல, நேர கீழ போகுது. போய் முடிஞ்சதும் ஒரு வெட்டு வெட்டித் தோணி நிண்டிட்டு. அந்த வெள்ளத்துக்கு நடுவில, முன்பக்கம் எதிர்த்தண்ணிக்குக் கிறுகி, கயிறு விறைச்சுக்கொண்டு நிண்டது. ரெண்டு பக்கத்தாலயும் வைக்கோல் போர் போகுது, வேரோட மரம் போகுது, ஒண்டும் என்னில முட்டல்ல.

எவ்வளவு நேரமெண்டு கேட்டா எனக்குத் தெரியா. உச்சி வெயில் வந்து சாஞ்சும் போயிட்டு. அதுக்குள்ள மனிசிட முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது, சோத்துக்கு வாறன் எண்டவன் வரல்லயே எண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருப்பாளே எண்டு. எனக்கு ஒரு சாமிட பேரும் வாயில வரல்ல. கயிறைப் பாத்துத்தான் கதைச்சன். "ஆராயிருந்தாலும் சரி, விட்டிடாதீங்க, எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது" எண்டு சொன்னன். சத்தமாத்தான் சொன்னன், வெக்கமில்ல.

பின்னேரமாகத் தண்ணி வத்தத் தொடங்கிட்டு. கயிறு போற இடம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. கடைசியில ஒரு மரக்குத்தி தெரிஞ்சது, கறுத்துப்போன பழங்குத்தி, காலையில ரெண்டாள் ஆழத்துக்குக் கீழ கிடந்திருக்கும். அதில என்ர கயிறு ஆறுதலா மூணு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டிருந்தது. சிக்கினதில்ல தம்பி, கட்டினது. நான் முடிச்சோட சீவிக்கிறவன், எனக்குத் தெரியாதா? சரி, அதையும் விடுங்க. அந்த முடிச்சு முழுக்கச் சிப்பி. வருசக்கணக்கில தண்ணிக்குள்ள கிடந்தாத்தானே சிப்பி பிடிக்கும், அப்பிடி மொத்தமாப் பிடிச்சு, பாசி ஏறி, கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. என்ர கைப்பக்கம் அதே கயிறு புதுசு, தும்பு குத்துது.

அந்தக் குத்தியில இன்னொரு கயிறும் கட்டியிருந்தது. அதே மூணு சுத்து, அதே முடிச்சு. ஆனா நீலம். வானத்து நீலமில்ல, அதைவிடப் பளிச்செண்டு. நான் ரெண்டு விரலாலயும் உருட்டிப் பாத்தன். பஞ்சில்ல, பட்டில்ல, சணலில்ல, தும்புமில்ல. வழுவழுவெண்டு, நனைஞ்சும் ஊறாம இருந்தது. துணியும் நூலும் தவிர வேறொண்டும் தெரியாத எனக்கே அது என்னெண்டு தெரியல்ல. முடிச்சை இழுத்துப் பாத்தன், அசையல்ல. அந்தக் கயிறிட மத்த நுனி தண்ணிக்குள்ள போய்க் கிடந்தது. வெயில் மங்குது, எனக்கு வீட்ட போற எண்ணம்தான். மடியில கிடந்த சின்னக் கத்தரிக்கோலால என்ர கயிறை இழை இழையா நறுக்கி, முறிஞ்ச துடுப்பால தள்ளித் தள்ளிக் கரை சேந்தன்.

கரையில மச்சான், என்ர மனிசிட தம்பி, என்னைத் தேடிக்கொண்டு ஓடி வாறான். ஏசப்போறான் எண்டு பாத்தன், அவன் கட்டிப்பிடிச்சு அழுறான். "மகள் பிறந்திட்டு அத்தான், அக்கா உங்களைத்தான் கேக்கிறா" எண்டான். நான் சேத்துக்குள்ளயே இருந்து ஆத்தைப் பாத்துக் கும்பிட்டன். தகப்பனில்லாத பிள்ளையாப் பிறந்திருக்கவேண்டியவள் தம்பி. அண்டைக்கு வாங்கின உசிர்தான் இப்ப உங்களுக்குப் பொத்தான் தைக்கிறது.

மற்ற வருசம் ஆத்துவாய் வெட்டித் தண்ணி வத்தினோடன, பூவும் வெத்திலையும் கொண்டு போய் அந்தக் குத்தியத் தேடினன். இல்ல. மீன்பிடிக்கிற ஆக்களைக் கேட்டன், அந்த இடத்தில குத்தியே இருந்ததில்ல எண்டாங்க. அதுக்காக நான் விடல்ல, ஒவ்வொரு வருசமும் போய்க் கிட்டக் கிடக்கிற கண்டல் மரத்தில மஞ்சள் தடவின துணி ஒரு முழம் கட்டிப்போட்டு வருவன். ஆருக்கெண்டு தெரியா, நன்றி எண்டு ஒண்டு இருக்குத்தானே.

அண்டைக்குப் பிறந்த மகள் இப்ப தேற்றாத்தீவில படிப்பிக்கிறாள். என்னை உரிச்சு வைச்ச மாதிரி, லீவு நாளெண்டா தனியத் தோணியெடுத்துக்கொண்டு போயிடுவாள், பொம்பிளப்பிள்ளைய இப்பிடி விடுறீங்களே எண்டு ஊர் என்னைத்தான் ஏசுது. போன மாசம் கடையில ஒரு கயிறு வாங்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, இது நைலோன், இப்பதான் புதுசா வந்திருக்கு, உப்புத்தண்ணிக்கு உக்காது" எண்டு கையில தந்தாள். நீலம். ரெண்டு விரலாலயும் உருட்டிப் பாத்தன், கண்ணை மூடிக்கொண்டும் பாத்தன். அண்டைக்குக் குத்தியில கட்டிக் கிடந்த அதேதான். மனிசி அதை அடுப்பில போடச் சொல்லி அழுதாள். நான் விடல்ல. நானே கொண்டு போய் அவள்ட தோணியில கட்டி விட்டன், அப்பிடியொரு நாள் வந்தா பிடிக்கக் கயிறு வேணுமே.

இப்ப அவள் வந்து இறங்கினா நான் முதல்ல கயிறைத்தான் பாக்கிறது. இன்னும் முழுசாத்தான் கிடக்கு. ஒண்டுதான் தம்பி, அண்டைக்கு அந்த நீலக் கயிறிட மத்த நுனியத் தூக்கிப் பாத்திருக்கலாம், என்னைப்போல ஆரும் வெட்டிக்கொண்டு போன நுனியா, இல்லாட்டி அதில தோணி கிடந்ததா எண்டு. நான் பாக்கல்ல. ஆனா முடிச்சு இறுக்கமாத்தான் இருந்தது, அதை நான் இந்தக் கையால இழுத்துப் பாத்தனான்.