கழுவாமல் கொண்டு வாருங்கள்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பிரசங்கம் நீண்டால் பெஞ்சுக்கு அடியில் என் கால் ஆடத் தொடங்கிவிடும். அம்மா தொடையில் கிள்ளுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் வரத் தாமதமானால் நின்று காத்திருக்க மாட்டேன், அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன். பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். அப்படியும் புத்தி வரவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ நாளெல்லாம் ஒரே ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை. எண்பதுகளின் பிற்பாதியில் இராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ்கள், நான். வருகிறவர்களுக்கு வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாருமே நர்சம்மாதான். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா வெளிநாட்டுச் சங்கம் ஒன்றில் உறுப்பினர். வெப்ப நாடுகளின் நோய்களைப் படிக்கிற மருத்துவர்களின் பழைய சங்கம் அது, தலைமையிடம் இங்கிலாந்து. அதன் பத்திரிகை கப்பல் தபாலில் ஆடி அசைந்து வந்து சேரும்போது இங்கே ஒரு பருவமே மாறியிருக்கும். நான் கேலி செய்யாத நாளில்லை.

"குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு நம்ம வெயிலப் பத்தி எழுதுதாங்களாக்கும்."

"அங்க உக்காந்து எழுதல. வெயில்ல கெடக்கவங்க எழுதுறத அங்க வச்சு அச்சடிக்காங்க, அம்புட்டுதான்" என்பார் டாக்டரம்மா. "ஒரே நோயப் பாத்துக்கிட்டு நாலு தேசத்துல நாலு பேரு தனித்தனியா முழிச்சுக்கிட்டு இருக்கோம். அவிய எங்கள அறிமுகப்படுத்தி வைக்காங்க."

எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அந்தச் சங்கம் உதவி செய்வதுண்டு. கட்டடம், கார் என்றெல்லாம் டாக்டரம்மா கேட்கவில்லை. நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று, சாயப் புட்டிகள் கொஞ்சம், பிறகு இந்தக் காலைப் பார்த்துப் பழகிய ஒரு ஆள். இதைத்தான் கேட்டிருந்தார்.

இந்தக் கால் என்றால் மதுரைக் கால். உலகத்து டாக்டர்கள் எல்லாரும் அந்த நோயை மதுரையின் பெயரால்தான் சொல்கிறார்கள். மதுரைக்காரர்களைக் கேட்டால் தெரியாது. வெறுங்காலில் முள் குத்தும். முள்ளோடு மண்ணில் இருக்கிற கிருமியும் உள்ளே போகும். முள் குத்தியதே மறந்துபோன பிறகு பாதம் மெல்ல வீங்கும், அங்கங்கே துளை விழும், துளை வழியாக ரவை போலக் குருணை கசியும். வலி அதிகம் இருக்காது. வலிக்காத நோய்க்கு எங்கள் பக்கத்தில் யார் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு அக்கா வந்தாள். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே கிடக்கிறவள். வலது பாதம் உப்பிப்போய் விரல்கள் தரையில் படாமல் நின்றன. மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஆடிப்பூரம் முடிந்த மறு வாரம்.

"தேரு நிலைக்கு வாரத ரெண்டு காலோட நின்னு பாத்துக்கிடுதேன். பொறவு எடுக்கட்டும்" என்றாள், ஏதோ வீட்டைக் காலி செய்கிறவள் போல. கொஞ்சம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "ஒத்தக் காலோட சேத்துல எப்பிடி நிக்கது?" என்றாள். எழுந்து வராந்தாவில் நடக்கப் போய்விட்டேன்.

அந்த ஆனியில்தான் சங்கம் அனுப்பிய ஆள் வந்தார். வெள்ளைக்காரர் வருவார் என்று நினைத்து நர்ஸ்கள் பீங்கான் கோப்பை எல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். வந்தவர் சூடான் நாட்டு டாக்டர். நெட்டையாக, எங்கள் எல்லாரையும் விடக் கறுப்பாக இருந்தார்; டாக்டரம்மா வீட்டு மிளகாய்த் துவையலைக் கண்ணில் நீர் வழிய விடாமல் தின்றார். அவர்கள் ஊரிலும் முள், அவர்கள் ஊரிலும் வெறுங்கால்.

தரையில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் பதறிப்போய், "ஐயையோ, காலத் தொடாதீங்கய்யா, பாவம் பிடிச்சுக்கிடும்" என்று இழுத்தாள். அவர் விடவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னார். இந்தக் காலில் குடியிருப்பது இரண்டு வகையில் ஒன்று. பூஞ்சணம் என்றால் மருந்துக்கு அவ்வளவாக அடங்காது, கத்திதான் மிஞ்சும். பாக்டீரியா என்றால் ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்கும். குருணை கறுப்பாக இருந்தால் பார்த்ததுமே பூஞ்சணம் என்று சொல்லிவிடலாம். இவளுக்கு வெளுப்பாகக் கசிவதால் கண்ணால் சொல்ல முடியாது. நசுக்கி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் வெட்டக் கூடாது.

ஆனால் குருணை வேண்டுமே. கீறி எடுக்கலாம் என்றால், மதுரைக்குப் போய் வந்ததிலிருந்து கத்தியைக் கண்டாலே அவளுக்கு உடம்பு நடுங்கியது. அவர் ஒரு சுலபமான வழி சொன்னார். ஈரமில்லாத காஸ் கட்டுத்துணியைத் துளைகளின் மேல் வைத்துக் கட்டி அனுப்புங்கள், கசிகிற குருணை வலைக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் துணி நம் கைக்கு வந்தால் போதும்.

போதுமாம். எங்கள் சனத்தை அவர் அறியார்.

மறுநாள் அக்கா வந்தாள், குளித்து, மஞ்சள் பூசி, பாதத்தைத் தேய்த்துக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்துப் புதுக்கட்டு போட்டுக்கொண்டு. பெரிய டாக்டர் மடியில் வைக்கப்போகிற கால் அல்லவா!

"அழுக்குக் காலோடயா வாரது நர்சம்மா?"

"நான் நர்ஸ் இல்ல! அந்த அழுக்குத்தான் வேணும்!"

டாக்டரம்மா உள்ளேயிருந்து "ஆகு, ஆகு" என்றார். பொறு என்பது அவர் வீட்டுத் தெலுங்கில்தான் வாயில் வரும்; என்னிடம் அதை அவர் சொல்லாத நாள் குறைவு.

திரும்பவும் கட்டினோம். இந்தத் தடவை அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக்கு வேலைக்கு வருகிறபோது அவிழ்த்த துணியை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி, கீழே போட்டுவிடாதீர்கள், பத்திரம். கழுவாமல் என்று சொல்லத் தோன்றவில்லை. சீழ்த் துணியை யார் கழுவித் தருவார்கள்?

இவர் தருவார். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பிளீச்சிங் செக்ஷனில் அவருக்கு வேலை. தறியிலிருந்து பழுப்பாக வருகிற துணியைத் தொட்டியில் போட்டு வெளுத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி. கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் தின்று தோல் உரிந்திருக்கும். மறுநாள் மத்தியானம் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை என் மேஜையில் பதவிசாக வைத்தார். பிரித்தேன். துணி பளீரென்று இருந்தது. இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது.

"காலையில கம்பெனித் தொட்டியிலயே போட்டு எடுத்துட்டேன்மா. கொஞ்சம் கறை இருந்துச்சு. கறையோட ஒரு துண்டு எங்க கேட்டத் தாண்டாதுல்லா" என்றார் பெருமையாக.

நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரியின் கால் அந்தக் கறையில்தான் இருந்தது, அதைத்தான் சாக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. சூடான் டாக்டர் விஷயத்தைக் கேட்டு அந்தத் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் துணியைத் தொலைத்தவர்கள் உண்டு, எரித்தவர்கள் உண்டு, வெளுத்து இஸ்திரி போட்டுத் தந்தவர் இவர் ஒருவர்தான் என்றார். அன்று மாலையே அவர் மதுரைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பிப் போய்விட்டார்.

பிறகு துளைகள் மூடிக்கொண்டன. அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் உண்டு; ஒன்று அடைக்கும், கொஞ்ச நாள் கழித்து வேறு இடத்தில் திறக்கும். ஆடி பிறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரை மூடியிருந்த தகரத்தைப் பிரித்துச் சாரம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தத் தேர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் அது திருவிழா. எனக்கு அது அக்காவின் காலுக்குக் குறித்த நாள்.

கொடியேறிய பிறகுதான் ஒரு துளை திறந்தது. கட்டிவிட்டு, யாரையும் நம்புவதில்லை என்று மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நானே சுந்தரபாண்டியம் போனேன். போய்ப் பார்த்தால் அண்ணாச்சி வாசலில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"துணியக் கழுவ மாட்டேன்மா, சத்தியமா. காலு மட்டும் செத்த நேரம் வெந்நீர்ல வச்சா அவளுக்கு இதமா இருக்கும்னு..."

பானையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். இடுக்கியால் துணியை எடுத்து மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் இறக்கினேன். அக்கா பாட்டிலைப் பார்த்தாள். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறைத் துணி ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நான் நெளிந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன தாயி, ஊறுகாயா?" என்றாள்.

"இல்ல, ஒருத்தியோட காலு" என்றேன். அவள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

குருணை கிடைத்திருந்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சாயம் போட்டு, சங்கம் தந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்ததால் லென்ஸும் ஆடியது. ஒரு கையால் முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இழை இழையாக, மிக மெல்லிசாக, நீலமாகத் தெரிந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

நூல் மில் ஊரில் இதை விளக்குவது எளிது. அண்ணாச்சியிடம் சொன்னேன்: "தடிச்ச நூலா இருந்தா பூஞ்சணம். இது நூறாம் நம்பர் நூல் மாதிரி இருக்கு. பாக்டீரியா."

"மெல்லிசா இருந்தா நல்லதாம்மா?"

"நல்லது."

"எங்க கம்பெனியிலயும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

மதுரைக்குப் போகவில்லை. ஊசியும் மாத்திரையும் தொடங்கினோம். தேர் நிலைக்கு வந்த அன்று அக்கா கூட்டத்தில் இரண்டு காலோடு நின்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. நான் பார்த்தது தப்பாக இருந்தால்? டாக்டரம்மாவும் பார்த்தார்தான், ஆனாலும் இருவருக்கும் அது புதுசு. பூஞ்சணமாக இருந்தால் இத்தனை மாசத்தில் அது எலும்புக்குள் ஏறியிருக்கும், முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டியது மேலே போயிருக்கும். இன்னொரு ஸ்லைடைச் சங்கத்தின் வழியாகச் சூடான் டாக்டருக்கு அனுப்பினோம். அது தபாலில் நொறுங்கிப் போய்ச் சேர்ந்ததாம். இங்கே இருந்த ஸ்லைடை எடுத்து எடுத்துப் பார்த்து, கடைசியில் சாயம் மங்கி அதில் எதுவுமே தெரியாமல் போயிற்று. டாக்டரம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

கால் ஒரு மாசம் வற்றும், மறு மாசம் உப்பும். வடை போச்சே கதையாக ஒவ்வொரு துளை திறக்கும்போதும் நான் இடிந்துபோவேன். அக்கா மட்டும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் களையெடுக்கப் போனாள், சங்கத்து ஆள் சொல்லிவிட்டுப் போனதற்காகச் செருப்புப் போட்டுக்கொண்டு. வரப்பு வரைக்கும்தான் செருப்பு. விளைகிற பூமியில் செருப்புக் காலோடு இறங்குவாளா? வரப்பில் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் இறங்கினாள். அதற்கும் சத்தம் போட்டேன்.

தொண்ணூறு பிறந்து, ஒரு மத்தியானம் அண்ணாச்சி பேப்பர்ப் பொட்டலத்தோடு தனியாக உள்ளே வந்தார். முந்தின நாள் நான்தான் ஒரு கட்டு போடச் சொல்லியிருந்தேன். வாங்கிப் பிரித்தேன். துணி பளீரென்று வெள்ளையாக இருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. எத்தனை தடவை சொல்வது அண்ணாச்சி, உங்கள் கையை வெட்டிப் போட்டால்தான் அடங்குவீர்களா, அவள் கால் போனால் அந்தத் தொட்டியில் போட்டு வெளுத்து எடுத்துவிடுவீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். "ஆகு" என்று டாக்டரம்மா ஓடி வந்தார்.

அண்ணாச்சி அசையாமல் நின்றார். நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில், "இத நான் கழுவலம்மா" என்றார். "கட்டுனது கட்டுனபடியே அவுத்தது."

துணியை மூக்கருகில் கொண்டுபோனேன். பிளீச்சிங் வாசனை இல்லை. மஞ்சளும் வியர்வையும்தான் மணத்தன. இஸ்திரி மடிப்பு இல்லை. குதிகாலின் வளைவு அப்படியே சுருக்கமாகப் பதிந்திருந்தது. ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். குருணை இல்லை. கசிவு இல்லை. எதுவுமே இல்லை.

"அவ வெளிய நிக்கா" என்றார் அண்ணாச்சி. "உங்க சத்தத்தக் கேட்டு உள்ள வரப் பயப்படுதா."

கூப்பிடப் போக வேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.