மஹ்ஜூபாவின் அடுப்பு

மஹ்ஜூபாவுக்கு வாய் நீளம் என்று முதலில் சொன்னவன் அவள் புருஷன் புஷைப்தான். கைவண்டி இழுத்துக் களைத்து வந்து உட்கார்ந்தால், அவள் பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை சொருக அவனுக்கு இடம் கிடைக்காது. ஆனால் காஸாபிளாங்காவின் கல்குவாரிப் பள்ளத்தில் தகரக் கூரைக்கடியில் கிடந்த அத்தனை பேருக்கும் அந்த வாய்தான் வக்கீல். மரியாதையாக அவளை ‘லாலா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிழைப்பு ஹம்மாமில், வெந்நீர்ப் பொதுக் குளியல் கூடத்தில். குளிக்க வரும் பெண்களுக்கு முதுகு தேய்த்து அழுக்கு உருட்டுவாள். உடுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பவளிடம் எதையும் கேட்கலாம், அவளும் மறைக்க மாட்டாள். எந்தக் கூரைக்கடியில் எத்தனை ஜோடி படுக்கிறது, யாரைச் சாமானோடு தெருவில் தள்ளினார்கள், போக்கிடம் இல்லாமல் யார் ஹம்மாம் உலைச் சுவரோடு ஒண்டித் தூங்குகிறார்கள், எல்லாம் அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

பள்ளத்துக் குடிசைகளை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு தருகிறோம் என்று அதிகாரிகள் வந்தார்கள். கூரைக்கு ஒரு வீடாம். ஒரே கூரைக்குள் பலகை மறித்து அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் குடித்தனம் நடத்துகிற இடத்தில் இது பகல் கொள்ளை இல்லாமல் வேறென்ன? மஹ்ஜூபா பெண்களைத் திரட்டினாள். ஆளுக்கொரு தகர அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்கள்.

"கூரைய எண்ணாதீங்க, அடுப்ப எண்ணுங்க! தனியா ஆக்கித் திங்கிறவன் தனிக் குடும்பம். உங்க வூட்ல அப்படி இல்லியா?"

போலீஸ்காரன் எட்டி உதைத்ததில் அவள் அடுப்பு நசுங்கியது. மறுநாள் அதே நசுங்கின அடுப்போடு வந்தாள். மழைக்காலம் முழுக்க வந்தாள். கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். அடுப்புக்கு ஒரு வீடு.

உடனே சந்தையில் பழைய அடுப்புக்குக் கிராக்கி. கல்யாணமே ஆகாத பயல்கள்கூட ஆளுக்கொன்று வாங்கி வைத்தான்கள். அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? சும்மா கிடக்கும் அடுப்பு செல்லாது, நாங்கள் வரும்போது எரிய வேண்டும், எப்போது வருவோம் என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். மஹ்ஜூபா ஹம்மாமில் ஒவ்வொரு முதுகையும் தட்டித் தட்டிச் சொன்னாள்: "அடுப்ப அணைக்காதீங்கடி. ஒண்ணுமில்லன்னா தண்ணியாவது கொதிக்கட்டும்."

அவள் இருந்ததும் பாதிக் கூரைதான். பலகைக்கு அந்தப் பக்கம் புஷைபின் தம்பி மீலூத், அவன் பெண்டாட்டி ஃபத்னா, பிள்ளைகள். இருமினால் கேட்கும், அழுதால் கேட்கும். "சாகறதுக்குள்ள என் கதவ நானே சாத்திட்டு ஒரு நாள் படுக்கணும்" என்பாள் மஹ்ஜூபா. ஊருக்கு அத்தனை கேட்டவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு நாள் புஷைப் ஏற்றத்தில் வண்டியோடு சாய்ந்தான். அன்று மாலையே அடக்கம். மௌத்து விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கம்தான் ஆக்கிக் கொண்டுவரும். மய்யித்துக்குச் செய்யும் கடைசி மரியாதை அது.

மறுநாள் காலையில் அடுப்பு எண்ணுகிறவர்கள் வந்துவிட்டார்கள். கூஸ்கூஸ் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு இஸ்ஸாதான் முதலில் சொன்னாள்.

"லாலா, தெருமுனைல எண்ணிட்டிருக்கானுங்க. பத்த வை. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

மஹ்ஜூபா தீக்குச்சியைக் கிழித்தாள். ஆணியில் புஷைபின் நீள அங்கி, ஜல்லாபா, தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவன் வியர்வை இன்னும் மணத்தது. குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது. அவளால் முடியவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை.

"ஃபத்னா! என்னடி பண்றே? உன் மச்சாண்டாரப் பொதைச்ச மண்ணுகூட இன்னும் காயல!"

"நீங்கதானக்கா சொன்னீங்க, அணைக்காதேன்னு." ஃபத்னா அழுதுகொண்டே கிளறினாள். "எனக்குப் புள்ளைங்க இருக்கே."

மஹ்ஜூபா கருகின குச்சியைக் கீழே போட்டாள்.

கணக்கெடுக்கிற குமாஸ்தா முகத்தமைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து அவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். "ஜில்லுன்னு இருக்கே. இந்தத் தட்டெல்லாம்?"

"பக்கத்து வூட்ல குடுத்தது. என் புருஷன் நேத்து மௌத்தாயிட்டாரு. இவரக் கேளு, சந்தூக்குக்குத் தோள் குடுத்தவரு."

அந்தப் பேட்டையின் அரசாங்க ஆளான முகத்தம் செருப்பைப் பார்த்தபடி நின்றார். "நெசந்தான். ஆனா கண்ணால பாக்கறதத்தான் எழுதணும்னு உத்தரவும்மா."

"அந்தப் பக்கம் எரியுது, இந்தப் பக்கம் எரியல" என்றான் குமாஸ்தா. "ஒரு குடும்பம்." மீலூத் பேருக்குக் கீழே, அண்டி வாழ்பவள் என்று எழுதிக்கொண்டு போனான்.

துக்கம் முடிந்ததும் அதே நசுங்கின அடுப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலுக்குப் போனாள். கூப்பிட்ட பெண்கள் யாரும் வரவில்லை. அவரவருக்கு மூட்டை கட்டும் அவசரம். கணக்கு முடிந்துவிட்டது என்று காவலாளி வாசலிலேயே சொல்லி அனுப்பினான். இதற்கு மேல் என்னத்தைச் சொல்வது?

இப்போது அவள் படுப்பது ஃபத்னாவின் புது வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குக் கீழே. மாவு பிசைய ஃபத்னா எழுந்து வந்தால் இவள் பாயைச் சுருட்ட வேண்டும். அந்தச் சமையலறைக்குக் கதவு கிடையாது.

போன வாரம் ஹம்மாமில், இடிக்கப்போகிற இன்னொரு குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"எங்க பக்கமும் அடுப்பத்தான் எண்ணப்போறாங்களாம் லாலா. என்ன செய்யணும்?"

"பத்த வச்ச அடுப்ப அணைக்காத."

"அவ்வளவுதானா?"

"வூட்ல மய்யித்து கெடந்தாலும் அணைக்காத."

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன பேச்சு இது?"

மஹ்ஜூபா ஒரு வாளி வெந்நீரை எடுத்து அவள் முதுகில் ஊற்றினாள். "திரும்பு, கையக் காட்டு" என்றாள்.