துவக்குப் பெட்டியும் வாடகைச் சுவரும்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மெல்பேர்னில், டார்னெய்ட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பழத்தோட்ட வேலை இல்லாத நாட்களில் முயல் வேட்டைக்குப் போவேன். கிரான்பர்னில் நர்ஸாக இருக்கும் செல்வி அக்கா, தோள்வலியால் தன் பழைய லீவர் துவக்கை, கைப்பிடியை இழுத்துச் சுடும் துப்பாக்கியை, விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வகைத் துவக்கு இப்போது கிடைப்பதேயில்லை.

துவக்கு வாங்கும் அனுமதிக்கான படிவத்தில், அதை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டியைச் சட்டப்படி சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன் என்று பொய் எழுதிக் கையெழுத்திட்டேன். பெட்டி கட்டிலருகே சும்மா நின்றது. எப்போது கிளம்புவேனோ என்று, இருந்த எந்த வீட்டிலும் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

அக்கா வீடியோவில் அழைத்தார். "பெட்டியை ஒருக்கா ஆட்டிக் காட்டுங்கோ."

ஆட்டினேன். ஆடியது.

"நீங்கள் என்ன அக்கா, பொலிஸோ?"

"பொலிஸ் வந்தால் உங்கட லைசென்ஸ் போகும். கள்ளன் வந்தால் துவக்கே போயிடும். வீட்டுக்காரரிட்டக் கேட்டுச் சுவரோட பூட்டுங்கோ. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் விக்கமாட்டன்."

ஒரு வாரம் நான் கேட்கவேயில்லை. வீட்டுக்காரர் மறுப்பார் என்று பயமில்லை. சரி என்றுவிட்டால் இங்கேயே இருக்க வேண்டுமே என்றுதான் பயம். கடைசியில் கேட்டேன். "இவ்வளவுதானே?" என்று அவரே டிரில்லைக் கொண்டுவந்து தந்தார். சுவரில் துளை போட்டுப் பெட்டியை நானே இறுக்கினேன். நான் எழுதிய பொய் அன்றுதான் உண்மையானது.

துவக்கு கைக்கு வந்தது. தூரத்துத் தோட்டங்களிலிருந்து இப்போதும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், காலும் பரபரக்கிறது. ஆனால் எத்தனை நாளில் திரும்பலாம் என்று கேட்கப் பழகிவிட்டேன்.