அழ வந்தவர்கள் பார்த்த கோலாட்டம்

மேனாம்பேட்டில் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்துவந்தாள். எங்களிடம் காசு வாங்கமாட்டாள். கிராமியக் கலைக்கென்று அரசாங்கம் கொடுத்த மானியத்தில்தான் கூடத்து வாடகையும் அவள் சம்பளமும் நடந்தன. அது நின்றால் அவளைத் தையல் கம்பெனிக்கு அனுப்பிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கோ கோலாட்டத்தைத் தவிர வேறொன்றும் வராது, பள்ளிக்கூடப் பாடம் உட்பட.

அந்த வருஷம் மானியத்தைத் தொடரலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் ஆடினால் மட்டும் போதாதாம், ஊர் ஜனங்களுக்கு அதில் ஆர்வம் இருக்கிறதா என்றும் பார்ப்பாராம். பாவம் மனிதர், அவருக்கு ஒழிந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிவியில் படம் போடும் நேரம். அப்போது எங்கள் தெருவில் திருடன் வந்தால்கூடத் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது.

பாவாடை கட்டி, பூ வைத்து, கோல்களோடு நின்றோம். எதிரே விரித்த ஜமக்காளத்தில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அத்தை வாசல் வழியே காலித் தெருவைப் பார்த்தாள்.

எங்களுக்கு மேளம் வாசித்தது மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குப் பிழைப்பு சாவு வீட்டு மேளம். எங்களுக்கு அடிப்பது ஆசைக்கு. அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மேளத்தோடு விருட்டென்று வெளியே போனார்.

தெருமுனையில் அடி கேட்டது. பிணம் எடுக்கும்போது அடிக்கிற அடி. அதிகாரி பட்டணத்துக்காரர், ரசித்துத் தலையாட்டினார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

படத்தை அப்படியே போட்டுவிட்டு ஜனம் ஓடிவந்தது. யார் போனது என்று மாமாவைச் சூழ்ந்துகொண்டார்களாம்.

"யாரும் பூடல. எந்திரிச்சி வந்துக்கினீங்க இல்ல? உள்ள போய் குந்துங்க. அந்தப் பொண்ணு பொழப்பு போவுது" என்றாராம் மாமா.

திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். ஜமக்காளம் நிறைந்து, ஜன்னல் கம்பியிலும் ஆள் தொங்கியது. மாமா தாளத்தை மாற்றிப் பிடித்தார். நாங்கள் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கால் துறுதுறுக்கிறது. ஒரு கோல்கூடத் தவறவில்லை. திட்டியவர்களே விசிலடித்தார்கள்.

விஷயம் தெரியாமல் கடைசியில் ஓடிவந்த தெருக்கோடி வீட்டுப் பெண்கள் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். எங்களைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்து, கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்தார்கள். ஒருத்தி கையில் பெரிய ரோஜா மாலை. அத்தை அதைச் சட்டென்று வாங்கி அதிகாரியின் கழுத்தில் போட்டாள். அவர் மாலையைத் தடவிப் பார்த்தார். படத்தை விட்டுவிட்டு மாலையோடு வருகிற ஊரை எங்குமே பார்த்ததில்லை என்றார். மானியம் தொடர்ந்தது. அத்தை தையல் கம்பெனிப் படியை மிதிக்கவே இல்லை.

என் ஆட்டத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் அழுதார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறைதான். வீட்டுக்குப் போகும் வழியில், நியாயமாக அந்த மாலையை எனக்குத்தானே போட்டிருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சிணுங்கினேன். அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட கையோடு என்னை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். ஏன் அடித்தாள், ஏன் அணைத்தாள் என்று இரண்டுமே எனக்கு அன்று விளங்கவில்லை.